பேர் வெட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என்னிடம் கேட்டது கதை அல்ல. கைபேசியில் கடவுச்சொல் திருடும் செயலிகளைப் பற்றி ஒரு விழிப்புணர்வுக் கட்டுரை. 'தீநிரல்' என்று தலைப்புப் போட்டு, அந்தச் சொல்லின் கம்பீரத்தில் நானே மயங்கி, இரண்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் கோகிலவாணி வந்துவிட்டாள். கட்டுரை போயிற்று.

2

கோத்தகிரியை மூடுபனி மெல்லப் போர்த்திய அந்தக் காலை—

(வேண்டாம். நீலகிரிக் கதைகளில் பனிக்கு ஓய்வே கிடையாது. இன்று லீவு.)

கீழ் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கும் கோகிலவாணி, பத்து வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். அக்கா சின்னம்மை கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டாள். கடைசிக் காலத்தில் அக்கா மெயிலில் படங்கள் அனுப்புவாள்: பிறந்த லயத்து வரிசைவீடு, தண்ணீர் பிடித்த பீலி, அப்பா நட்ட கொய்யா மரம். கூடவே குரலையும் பதிந்து அனுப்புவாள். போன வருஷம் அக்கா போய்விட்டாள். குரல் அந்த மெயிலில் இருக்கிறது. வேறெங்கும் இல்லை.

3

தாயகம் திரும்பியோர் வாட்ஸப் குழுவுக்குத் தரணிதரன் அட்மின். ஓய்வுபெற்ற எஸ்டேட் கிளார்க். தினமும் 'விழிப்போடு இருப்பீர்' என்று ஓர் எச்சரிக்கை அனுப்புவார். அன்று அனுப்பியது 'பெரட்டு' என்ற செயலிக்கான லிங்க். "பழைய லயத்து மக்களைத் தேடித் தரும். இதை நிறுவுவது நம் வரலாற்றுக் கடமை."

(முதல் பிரதியில் இவர்தான் வில்லன். அதற்கு வேண்டிய அறிவு இவரிடம் இல்லாததால் அடித்துவிட்டேன்.)

பெரட்டு என்பது அந்தத் தோட்டங்களில் காலையில் ஆள் கூப்பிட்டு வேலை பிரிக்கும் களம். அங்கே பேர் போட்டால்தான் அன்றைக்கு வேலை. பிந்தினால் அரைப்பேர், பாதிக் கூலி. கோகிலவாணி செயலியை நிறுவித் திறந்ததும் பச்சைப் பொத்தானில் அதே சொல்: 'பேர் போடு'.

(இதைத் திருடனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ. என்னைவிட நன்றாக எழுதுகிறான்.)

திரையைப் படிக்கலாமா, விரல் தட்டுவதைக் கவனிக்கலாமா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பெரட்டில் நின்ற சிறுமி எல்லாவற்றுக்கும் 'சரி' கொடுத்தாள்.

4

மறுநாள் மத்தியானம் மெயிலில் ஒரு தகவல்: 'உங்கள் கணக்கில் புதிய சாதனம் நுழைந்துள்ளது.' கோகிலவாணி அரைநாள் லீவு சொல்லிவிட்டு, கடைவீதியில் போன் பழுதுபார்க்கும் ஷைனாவிடம் ஓடினாள். ஷைனா தேவர்சோலைக்காரி; பேச்சில் மலையாளம் கலக்கும்.

"ஐயோ சேச்சி, எல்லாத்துக்கும் சரி கொடுத்தோ?"

"பேர் போடச் சொன்னுச்சு. போடாட்டி அரைப்பேருல்ல?"

"இது ப்ளே ஸ்டோர்ல வந்ததல்ல, லிங்க்ல வந்தது. ப்ரவுசர் பாஸ்வேர்டை நிரப்பும்போ இது எட்டிப் பார்த்து அவனுக்கு அனுப்பிடுச்சு."

"தரணிதரன் சாருல்ல அனுப்புனாரு!"

ஷைனா மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு போனைக் காட்டினாள். "சாரோடது. காலையில கொண்டுவந்தார். யார்கிட்டயும் மிண்டாதேன்னார்."

பிறகு கோகிலவாணியின் போனில் நெட்டை அணைத்தாள். கொடுத்த அனுமதிகளைப் பிடுங்கினாள். செயலியை நீக்கினாள். அடுத்து, தன் போனில் மெயிலின் நுழைவுப் பக்கத்தை எடுத்து நீட்டினாள். "அவன் இன்னும் பூட்டை மாத்தலைன்னா நமக்கு அதிர்ஷ்டம். வேகம் சேச்சி. என்கிட்டச் சொல்லவேண்டா, நீங்களே அடிங்க."

கோகிலவாணி அடித்தாள்: மேக்கணக்கு ஏழாம் லயம். பிறந்த இடத்து விலாசம். திறந்தது.

"இனி இது ஆகாது. புதுசு வேணும்."

"இதத் தட்டுறப்பல்லாம் லயத்துக்குள்ள நுழையிற மாதிரி இருக்கும் புள்ள."

"இப்ப அவனும் அதே வாசல்லதான் நுழையறான்."

ஷைனா எடுத்துக்கொடுத்த கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் கோகிலவாணி விரலை ஓட்டினாள். கீழே இருந்த வரியைக் காட்டினாள். "இது என்னா?"

"வேற போன்ல உள்ளே இருக்கிற எல்லாரையும் வெளியே தள்ளும்."

"அப்ப, பேர் வெட்டுறது."

கப்பலுக்கு முந்தின வாரம், தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை நீக்கியபோது, கணக்கப்பிள்ளை அப்பாவிடம் சொன்ன சொல். அன்று கேட்டு அழுதவள், இன்று தன் விரலாலேயே அழுத்தினாள்.

5

புதிய கடவுச்சொல்லுக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்று, அக்காவின் பெயர். (கண்ணீர் வரும். திருடனும் முதலில் அதைத்தான் தட்டிப் பார்ப்பான்.) இன்னொன்று, தரணிதரனின் தலைமையில் விழிப்புணர்வுக் கூட்டம், சால்வை— (நடக்கப்போவதை எதற்கு எழுதுவது.)

கோகிலவாணி போனை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஷைனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோகிலவாணி நீளமாக எதையோ தட்டினாள், நடுவில் ஒருமுறை சிரித்தாள். 'சேமிக்கவா?' என்றது போன். வேண்டாம். பிறகு அக்காவின் குரல் ஒன்றைத் திறந்தாள்: "ஏ புள்ள, தேத்தண்ணி குடிச்சியா?"

அதற்கு முன், தட்டிக்கொண்டிருந்தபோதே, தலை நிமிராமல் என்னிடம் சொன்னாள்: "நீங்களும் அந்தப் பக்கம் பாருங்க."

பார்த்தேன். ஆகவே அந்தச் சொல் எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் மனசிலேயே இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஓரத்தில் மட்டும் எழுதிவைத்துவிடாதீர்கள்.