பட்டைத் தொட்டியில் ஊறிய சக்கரங்கள்

லாரிக்குப் புது மரச் சக்கரங்கள் வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பத்தாம் நாள் காலை, கோழியைத் துரத்திக்கொண்டு லாரிக்கு அடியில் குனிந்த வஜீதா, சக்கரத்து ஆணிகளைச் சுற்றி இருந்த கறுப்பு வளையத்தைப் பார்த்துவிட்டாள்.

அழுக்கு என்றுதான் முதலில் நினைத்தாள். முந்தானையை எச்சில் பண்ணித் துடைத்தாள். போகவில்லை. மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல மரத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தக் கறுப்பு எதனால் வரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் இரும்பு பட்டால் அப்படித்தான் கறுக்கும். அவள் அப்பா இருபது வருஷம் தோல் ஊறுகிற பட்டைத் தொட்டியில் நின்றவர். இடுப்புச் சாவியைக்கூட வாசலில் மாட்டிவிட்டுத்தான் தொட்டியில் இறங்குவார். ஒரு ஆணி விழுந்தால் போதும், நூறு தோல் பாழ். அப்படியிருக்க, லாரிச் சக்கரத்துக்குப் பட்டைத் தொட்டியில் என்ன வேலை?

ஆரக்கால் ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. கிழவன் பல் ஆடுவதுபோல ஆடியது.

அவள் புருஷன் மஹபூப் பாஷா திண்டில் தலைவைத்துப் படுத்து மேப்புப் பார்த்துக்கொண்டிருந்தான். மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப் லாரிக்கு அவன்தான் டிரைவர். செடி சேகரிக்கிற வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்த லாரியையும் அவனையும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு வாடகைக்குப் பேசியிருந்தார். பேரணாம்பட்டு மலையேறி, மைசூர்ச் சீமை கடந்து, பெஷாவர் வரைக்கும். கல்லுக்கும் மணலுக்கும் தாங்குகிற மாதிரி உயரமான சக்கரம் வேண்டும் என்று துரை சொல்ல, ஆற்காட்டில் ஒரு தச்சனிடம் சொல்லிக் கருவேல மரத்தில் செய்து வாங்கியதுதான் இந்தச் சக்கரங்கள்.

கல்யாணமாகிப் பதினாலு மாதம். அதில் அவன் வீட்டில் தூங்கிய இரவுகளின் கணக்கை வஜீதா மனசுக்குள்ளேயே வைத்திருந்தாள், யாரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில் அவன் கை அவள் கழுத்துக்கடியில் வந்து நிற்கும். பெட்ரோலும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை அவன் போன பிறகும் இரண்டு நாள் தலையணையில் இருக்கும். மூன்றாம் நாள் இருக்காது. மூன்றாம் நாள்தான் அவளுக்குப் பொறுக்காது.

"ஏங்க, சக்கரத்தைத் தொட்டில போட்டீங்களா?"

மேப்பு இறங்கியது. "இன்னா தொட்டி?"

"என்கிட்டயேவா? ஆணியெல்லாம் கறுத்துக் கிடக்குது."

அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "மெதுவா பேசு. மரம் பச்சை மரம். வெயில்ல சுருங்கி ஆரக்கால் கழண்டுக்கிச்சு. தண்ணில ஊறினா உப்பி இறுகிக்கும். பாலாத்துல மணல்தான் இருக்குது, கிணத்துத் தண்ணி தோலுக்கே பத்தல. ஷாப்புல பட்டைத் தொட்டி இருந்துச்சு, ரெண்டு ராத்திரி போட்டேன். தோலையே கெட்டியாக்கற தண்ணி, மரத்தைக் கெட்டியாக்காதா?"

"கெட்டியாச்சா?"

"அஞ்சு நாள் நல்லாத்தான் இருந்துச்சு."

"இப்ப மறுபடி காஞ்சிடுச்சு. மரமும் ஆடுது, ஆணியையும் அந்தத் தண்ணி தின்னுட்டு இருக்குது. இதைக் கட்டிக்கிட்டு மலை ஏறுவீங்களா?"

"வாயைத் தொறந்துடாதே வஜீதா. தொரைக்குத் தெரிஞ்சா வேற லாரி பார்த்துட்டுப் போய்ட்டே இருப்பாரு. எனக்கு இது மாதிரி இன்னொரு வாட்டி வராது."

அவன் குரல் உடைந்திருந்தது. இந்த மனிதன் அவளுக்காக ஒருநாளும் இப்படிக் குரல் உடைந்து பேசியதில்லை. வஜீதாவுக்குக் கோபம் ஏறியது.

"அப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"லாரில பொம்பளையா? நல்லாருக்கே."

"தொரையோட தொரைசானி வர்றாளே."

"அவ தொரைசானி."

இதற்குமேல் ஆண்பிள்ளைகளிடம் காரணம் எதிர்பார்க்கக் கூடாது. வஜீதா புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகச் சாயபு வீட்டுக்குப் போனாள்.

சாயபுவின் மனைவி ஹலீமா பீ வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஷாப்பில் எந்தத் தோல் எந்தக் கப்பலில் போகிறது என்பதுவரை அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆனால் அவளும் வாசல் திரையைத் தாண்டியதில்லை. வஜீதாவுக்கு அவள் அக்கா முறை. ஆபா என்றுதான் கூப்பிடுவாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஹலீமா பீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்.

"ஏண்டி, இதுக்கா இவ்ளோ பேஜார்? நான் சாயபுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா லாரி நின்னுடும். உன் புருஷன் உன்கூடவே கிடப்பான். பதினாலு மாசத்துல வயித்துல ஒரு பூச்சி புழு கூட இல்ல, அதுக்காச்சும் ஆகும். சொல்லட்டுமா?"

சொல்லுங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு சுலபம். பொய்கூட இல்லை, நிஜத்தைச் சொல்கிற வேலை. அவன் ஒரு வருஷம் முழுக்க இங்கேயே இருப்பான், தோல் மூட்டையோடு வாணியம்பாடி போவான், பொழுதுசாய வந்துவிடுவான்.

வந்துவிடுவான், சரி. மேப்பை மடித்துப் பெட்டியில் வைப்பான். ஒவ்வொரு ராத்திரியும் எடுத்துப் பார்ப்பான். அவளைப் பார்க்க மாட்டான்.

"வேணாம் ஆபா," என்றாள் வஜீதா. "உங்க கொல்லையில எரிஞ்சுபோன பட்டாளத்து லாரி கிடக்குதே, அதோட இரும்புச் சக்கரம் குடுக்கச் சொல்லுங்க."

ஹலீமா பீ கத்தியைக் கீழே வைத்தாள். "உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம்."

அந்த லாரியைச் சாயபு பெங்களூர்ப் பட்டாளத் தண்டு ஏலத்தில் பழைய இரும்புக்காக எடுத்துப் போட்டிருந்தார். இன்ஜின் எரிந்துபோயிருந்தது. சக்கரங்கள் தகட்டுச் சக்கரங்கள், ஆறு. அவற்றில்தான் கோழிகள் முட்டையிடும். ஹலீமா பீ சாயபுவிடம் என்ன சொன்னாளோ, மறுநாள் விடியற்காலையில் கொல்லைக்கதவு திறந்திருந்தது. வேற்றாள் யாரும் கிடையாது. ஹலீமா பீ, வஜீதா, மஹபூப் பாஷா மூன்று பேர்தான்.

"ஜோலார்பேட்டை லோகோ ஷெட்ல எனக்கொரு தோஸ்த் இருக்கான், ஃபிட்டர்," என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம லாரி அச்சுக் குடத்துக்குத் தக்கபடி புதுசா ஓட்டை போட்டுக் குடுத்துடுவான். அஞ்சு வேணும். நாலு ஓட, ஒண்ணு ஸ்டெப்னி. ஸ்டெப்னி இல்லாம தொரை அசையமாட்டாரு."

"தீயில இருந்த இரும்பு," என்றாள் வஜீதா. "எது வெடிச்சிருக்கோ, எது முழுசோ. தட்டிப் பார்க்கணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஸ்டேஷன்ல ரயில் நின்னா ஒருத்தன் சுத்தியல் வச்சுட்டு ஒவ்வொரு சக்கரமா தட்டிட்டுப் போறானே, எதுக்குன்னு நினைச்சீங்க, வேடிக்கைக்கா? கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம், ஸ்டேஷன் பக்கத்து அப்பா வீட்டுச் சுவத்துக்குள்ள உக்காந்து அதைத்தான் கேட்டுட்டிருந்தேன். எனக்கு வேற இன்னா வேலை?"

ஹலீமா பீ சிரித்துவிட்டாள். "தட்டுடி."

சக்கரங்களைக் கழற்றிக் கயிற்றில் கட்டி, வேப்பமரக் கிளையில் ஒவ்வொன்றாகத் தூக்கினான் அவன். வஜீதா உலக்கையின் இரும்புப் பூணால் தட்டினாள். முதலாவது கணீர் என்றது. சத்தம் மரத்தைச் சுற்றிவிட்டு மெல்ல அடங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது மண்பானைபோல 'தொப்' என்றது. நெருங்கிப் பார்த்தால் நடு ஓட்டையிலிருந்து தலைமுடி கனத்தில் ஒரு விரிசல்.

"இது செத்தது," என்று தள்ளிவிட்டாள். நான்காவது, ஐந்தாவது கணீர்.

ஆறாவதைத் தூக்கினான். இதுதான் கடைசி. இது நல்லதானால் ஐந்து. இல்லையென்றால் நாலுதான், ஸ்டெப்னி இல்லை, பயணம் இல்லை.

தட்டினாள்.

ஆறிலும் நல்ல சத்தம் இதுதான். பள்ளிவாசல் கடிகார மணிபோல நீண்டுகொண்டே போனது. அவனுக்கு அந்த வித்தியாசம் கேட்காது. எஞ்சின் சத்தத்தில் ஆறு வருஷம் கிடந்த காது. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி. அப்படி ஒருமுறை அவன் அவளைப் பார்க்கவேண்டும் என்று அவள் பதினாலு மாதமாக ஆசைப்பட்டிருக்கிறாள்.

இதுவும் செத்தது என்று சொல்லிவிட்டால் போதும், இரண்டே வார்த்தை. ஹலீமா பீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"இன்னா வஜீதா?"

வஜீதா கையை வைத்து ஆடுகிற சக்கரத்தை நிறுத்தினாள்.

"நல்லாருக்கு," என்றாள். "இதை வலது பக்கம் பின்னாடி மாட்டுங்க. மலை இறங்கறப்ப பாரம் அங்கதான் ஜாஸ்தி."

கயிற்றை விட்டுவிட்டு அவன் ஓடிவந்தான். ஹலீமா பீ இருக்கிறாள் என்பதுகூட மறந்து அவள் கையை உலக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில்தான். அவளுக்குத் தெரியும், சந்தோஷம் அவளுக்காக அல்ல. இருந்தும் அவன் விடும்வரை கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் லாரி புறப்பட்டது. சாக்குத்திரை ஓட்டை வழியாகப் பார்த்தாள். முன்சீட்டில் துரைசானி தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கடைசியாகத் தட்டிய வலதுபக்கப் பின்சக்கரம் ஒரு அசைவுகூட இல்லாமல் உருண்டது. ஆற்காட்டு மரச்சக்கரங்களை ஹலீமா பீ அடுப்புக்கு வெட்டச் சொல்லிவிட்டாள். எரியும்போது பட்டைத் தண்ணீர் வாசனை வந்தது.

நான்காம் மாதம் பெஷாவரிலிருந்து ஒரு கார்டு. உருது எழுத்து அவனுக்குக் கோணல். குர்ஆன் ஓதிக்கொடுத்த உஸ்தாதினி தயவில் அவளுக்கு நேர். எழுத்துக்கூட்டத் தேவையில்லாமல் ஒரே மூச்சில் படித்துவிட்டாள்: 'நலம். இங்கே பனி தெரிகிறது. ஒரு சக்கரமும் தொந்தரவு தரவில்லை. துரை இன்னும் மேலே போகலாம் என்கிறார். பேசிய ஒரு வருஷத்துக்கு மேல் இன்னும் ஆறு மாதம் ஆகும்.'

கார்டை மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். தபால்காரன் பை வாசனைதான்.

பதில் கார்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தலையணை வாசனை எப்போதோ போய்விட்டது என்று எழுத வேண்டும். வா என்று எழுத வேண்டும். கார்டை வழியில் எல்லோரும் படிப்பார்கள். பேனாவை மையில் தொட்டு எழுதினாள்:

'வலதுபக்கப் பின்சக்கரத்து நட்டுகளை ஐம்பது மைலுக்கு ஒருமுறை முடுக்கவும். நீங்களே உங்கள் கையால் முடுக்கவும். வேறு யாரிடமும் விட வேண்டாம்.'