செல் பிணைத்தவள்

"ஒண்ணு கழட்டிட்டு ஒண்ணு போடுங்கண்ணா. நாலு செல்லையும் ஒரேயடியா கழட்டிடாதீங்க."

"இது இன்னாம்மா, பாவு பிணைக்கிற மாதிரி?"

"அதே மாதிரிதான். அஞ்சு மாசமா அப்படித்தான் மாத்திகினு இருக்கேன்."

தங்கவேலு சிரிக்கப் பார்த்தான். கற்பகத்தின் முகத்தைக் கண்டதும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். மெட்ராஸ் கம்பெனியில் அவள் கணவன் சுப்பராயலுவுக்குப் பக்கத்து மேசைக்காரன் அவன். கம்பெனிக்குச் சொந்தமான கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கிப்போக மத்தியான பஸ்ஸில் ஆரணிக்கு வந்திருந்தான். அட்டை போட்ட புத்தகம் போலத் தட்டையாக, எட்டு வரி மட்டும் தெரியும் கண்ணாடியோடு, அது இருவருக்கும் நடுவில் பாயில் கிடந்தது.

கற்பகத்துக்குப் பாவு பிணைப்பதுதான் தொழில். தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்தான் பாவு. ஒரு பாவு தீர்ந்தால் அதை அடியோடு அறுத்தெடுக்க மாட்டார்கள். பழையதன் நுனியை விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் சாம்பல் தொட்டு அதனோடு திரிப்பார்கள். ஒரு நொடிகூடத் தறி வெறுமையாக நிற்காது. செல் தீரும்போது அவள் கைக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் சுருங்கிவந்த கதையைச் சுப்பராயலு சோற்றுத் தட்டின் முன்னால்தான் சொல்வான். காலேஜில் அவன் முதலில் பார்த்தது ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு நின்றதாம். கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பை வெளியே விட்டுத்தான் போனார்களாம். எண்பத்துநாலில் பெட்டி போன்ற ஒன்று வந்தது. தையல் மெஷின் கனம். அதற்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டான். அதற்குப் பிறகு வந்தது இது.

"கரண்டே வாணாம் கற்பகம். நாலு பேனா செல்லு போதும். களம்பூர் மில்லுல நெல்லு மூட்டை மேல வச்சே வேலை செஞ்சு காட்டிட்டேன். இன்னும் பாரு, சட்டைப் பையில வந்துடும். அப்பால கண்ணுக்கே தெரியாது. ஆனா இருக்கும்."

"பேய் மாதிரியா?"

"பேய் மாதிரியேதான். சோறு மட்டும் கேக்காது."

அதை வீட்டில் விட்டுப்போகும் நாட்களுக்காக விளையாட்டாக ஒரு புரோகிராம் எழுதி அதில் வைத்தான். அந்தி சாயும்போது அது தானே கீக்கென்று கத்தும். கண்ணாடியில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வரும்: விளக்கு ஏத்தியாச்சா? ஆமாம் என்பதற்கு ஒய் எழுத்தை அடித்தால், வந்துகினு இருக்கேன் என்னும். இல்லை என்பதற்கு என் எழுத்தை அடித்தால், ஏத்தும்மா, இருட்டாவுது என்னும்.

பெரணமல்லூர்ச் சாலையில் லாரி மோதி அவன் இறந்த அன்றைக்கும் அவள் விளக்கை ஏற்றிவிட்டு ஒய் அடித்தாள். வந்துகினு இருக்கேன் என்றது. அதற்கப்புறம்தான் ஆள் வந்து சொன்னான். அன்றிலிருந்து அவள் விளக்கேற்றவில்லை. அந்தியானால் என் அடித்தாள். ஏத்தும்மா என்று அது சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். இதையெல்லாம் இப்போது தங்கவேலுவிடம் சொன்னாள்.

"ஒய் அடிச்சா வந்துடுவானோன்னு பயமா இருக்குதாம்மா?"

"வந்தா எனக்கு இன்னா பயம்? அடிச்சும் வரலன்னா, அப்பால நான் யாருக்காகக் காத்துகினு இருக்கிறது?"

தங்கவேலு முதல் செல்லைக் கழற்றிக் கையில் உருட்டினான்.

"சொல்லக் கூடாதுதான் தங்கச்சி. இந்த நாலும் கைகோத்து நிக்கிற செல்லு. ஒண்ணு போனாலே நாலும் போன மாதிரிதான். நீ பிணைச்சது எதையும் காப்பாத்தல. உள்ள தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்குது. அதான் அவன் எழுதி வச்ச எல்லாத்தையும் கரண்டு போனாலும் அழியாம தாங்கியிருக்கும்."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் காலையில் தொட்ட சாம்பல் அப்படியே இருந்தது.

"அப்போ அவர வச்சிருந்தது நான் இல்லியா?"

தங்கவேலு வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடுவது மேல் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடிப்பலகையைத் திறந்தான். சின்ன பேட்டரி பச்சை பூத்து, வெடித்து, கால்கள் அரித்துக் கிடந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"இது செத்து ரொம்ப நாளாச்சே," என்றான். குரல் இறங்கிப்போயிருந்தது. "நீ மொத தடவ செல்லு மாத்தினப்பவே எல்லாம் அழிஞ்சிருக்கணுமே."

"அழியலியே."

மிச்சம் மூன்று செல்லையும் கழற்றிப் பாயில் வைத்தான். ஒன்றுமில்லாத வெறுங்கூட்டைத் திருகாணி முடுக்கி நிமிர்த்தினான். பக்கத்து வீட்டுத் தறி அடங்கியது. அறையின் மூலைகள் இருட்டத் தொடங்கின.

கீக்.

விளக்கு ஏத்தியாச்சா?

எழுத்துகளுக்குக் கீழே கறுப்புக் கட்டம் ஒன்று விட்டுவிட்டுத் துடித்தது. தங்கவேலு பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டான். பாயில் கிடந்த நான்கு செல்லையும் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

கற்பகம் எழுந்தாள். மாடத்து விளக்கில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், ஏற்றினாள். சுடர் நிமிரும்வரை பார்த்திருந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இழை இழையாகத் திரித்துப் பழகிய விரல் ஒய் மேல் போய் நின்றது. அழுத்த வரவில்லை. கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"என் கையால முடியலண்ணா," என்றாள். "நீங்க அடிங்களேன்."