கள்ளச் சாமான்

எமிலியானுஸ் வாய் அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய வாயால் புண்பட்டவர் என்று மொன்றியலில் ஒருவரைக் காட்ட முடியாது, ஒரே ஒருவனைத் தவிர. அந்த ஒருவன் அவருக்கு உயிருக்குயிரான நண்பனாக இருந்ததுதான் வினை.

மன்னாரில் பிறந்து, கொழும்பில் இலெக்ரோனிக்ஸ் படித்து, கனடா வந்து பதினாறு வருடமாகியிருந்தது. லாசாலில் அலாரப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சோதனை மேசையில் வேலை. அதே மேசையின் மறுபக்கத்தில் ஏழு வருடமாக இருந்தவன் இரவிச்சந்திரன். திருகோணமலைக்காரன், அவரைவிட ஐந்து வயது இளையவன். இருவரையும் சேர்த்துவைத்தது பாட்டுகூட இல்லை. பாட்டைப் பெரிதாக்கும் பெட்டி.

ஓர் அம்பிளிஃபயர் செய்யவேண்டும் என்பது இருவரின் பைத்தியம். சந்தையில் கிடைப்பதைப் போல அல்ல. உள்ளே போகும் ஒலி பெரிதாகி வெளியே வரவேண்டும், அவ்வளவுதான். பெட்டி தன்னுடையதென்று ஒரு துளியையும் அதில் கலந்துவிடக் கூடாது. கலப்பதற்குப் பெயர் திரிபு. எல்லாப் பெட்டியும் கொஞ்சமாவது கலக்கும். அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் சனிக்கிழமைகள் கழிந்தன. மகள் மெலனி ஒட்டாவாவுக்குப் படிக்கப் போனபிறகு காலியான அறையில், மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் ஏலத்தில் எடுத்த திரிபுமானி ஒன்றை வைத்திருந்தார்கள். ஸ்பீக்கருக்குப் பதிலாகக் கனத்த மின்தடைகளை அலுமினியத் தகட்டில் பூட்டிச் சோதிப்பார்கள். அது சூடேறி அறையே கொதிக்கும். எமிலியானுசின் மனைவி செலீன் குளிர்காலத்தில் நனைந்த காலுறைகளை அதன் பக்கத்தில் காயப்போடுவாள்.

சர்க்கிட் வரைவது எமிலியானுஸ். சாமான் தேடுவதும் பொறுக்குவதும் ரவி. கடைசிக் கட்டத்துக்கு எட்டுப் பெரிய ட்ரான்சிஸ்டர்கள் வேண்டும். நான்கு ஒலி அலையின் மேற்பாதியைத் தள்ளும், நான்கு கீழ்ப்பாதியை இழுக்கும். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பாதியும் சேருமிடத்தில் ஒரு படி விழுந்துவிடும். ரவி நாற்பது வாங்கி, மூன்று வார இறுதிகள் தன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து ஒவ்வொன்றாக அளந்து, எட்டைத் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

2005 ஒக்டோபரில் பெட்டி முழுமையானது. ஸ்பீக்கர் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று டிசம்பரில் அதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. சனிக்கிழமை பின்னேரம் இருவரும் திரிபுமானிக்கு முன்னால் நின்றார்கள். முள் பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு வீதத்தில் போய் நின்றது. கணக்கின்படி வரவேண்டியது அதில் இருபதில் ஒரு பங்கு.

"சர்க்கிட்டை இன்னொருக்காப் பாப்பமோ அண்ணை?" என்றான் ரவி.

"சர்க்கிட்டில ஒண்டுமில்லை. நான் மூண்டுதரம் கணக்குப் பாத்திட்டன்."

"அப்ப என்னவா இருக்கும்?"

எமிலியானுஸ் ஒரு ட்ரான்சிஸ்டரின் மேல் விளக்கைப் பிடித்தார். அந்த வருடங்களில் கள்ளச் சாமான் எங்கும் மலிந்திருந்தது. பெயர்போன நிறுவனங்களின் எழுத்தை வெளியே அச்சடித்துவிட்டு, உள்ளே கடுகளவு சிலிக்கனை வைத்து விற்றார்கள்.

"இந்த எழுத்தின்ர நிறமே பிழையாக் கிடக்கு. நீர் இதை ஆரிட்ட வாங்கினனீர்?"

"எப்பவும் வாங்கிற ஆளிட்டத்தான். ஏன்?"

"கள்ளச் சாமான் ரவி, இது."

ரவி சிரித்தான். அவர் பகிடி விடுவதாகத்தான் நினைத்தான். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது.

"தெரிஞ்சுகொண்டு வாங்கினனான் எண்டு நினைக்கிறியளோ?"

'இல்லை' என்று ஒரு சொல் போதும். எமிலியானுசுக்கு அப்போது நெஞ்செல்லாம் அந்த முள்தான். ஒரு வருட வேலை இருபது மடங்கு பிழைத்து நிற்கிறது. அவர் பதில் சொல்லவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரவி ஜாக்கெட்டை எடுத்தான்.

"ரவி, இடியப்பம் அவிச்சிருக்கிறன், இருங்கோ" என்று குசினியிலிருந்து செலீன் கூப்பிட்டாள்.

"வேண்டாம் அக்கா. பேந்து வாறன்."

பிறகு அவன் வரவில்லை. திங்கட்கிழமை வேறு மேசை கேட்டு வாங்கிக்கொண்டான். மாதம் முடிவதற்குள் வேலையையே விட்டுவிட்டு, தன் வீட்டுக்குக் கிட்ட, செயின்ட்-மிஷேலில் ஒரு தையல் இயந்திரம் திருத்துமிடத்தில் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

நவம்பரில் எமிலியானுஸ் ஒன்ராறியோவிலிருந்த உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் புதிய ட்ரான்சிஸ்டர்களை எடுப்பித்தார். ரவியின் எட்டையும் கழற்றி, புதியவற்றைப் பூட்டி, மின் ஆளியைப் போட்டார். முள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

செலீன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ரவியில பிழை இல்லை."

"இல்லை."

"போன் எடுங்கோவன்."

"எடுக்கிறன். முதல்ல பிழை எங்கயெண்டு கண்டுபிடிக்கிறன். வெறுங்கையோட போய் என்னத்தைச் சொல்லுறது?"

"பிழை என்னில எண்டு சொல்லக் கையில என்ன வேணும்?"

அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் தொலைபேசியை எடுக்கவில்லை. காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போனால், 'இஞ்ச பார் ரவி, இதுதான் சங்கதி' என்று தொடங்கலாம், இருவரும் குனிந்து அதைப் பார்க்கலாம், அந்தக் குனிவிலேயே மன்னிப்பும் முடிந்துவிடும் என்று எண்ணினார். காரணமில்லாமல் போனால் அவன் முகத்தைப் பார்க்கவேண்டிவரும்.

டிசம்பரில் அந்த நிறுவனத்துக்குப் பெட்டி தயாரில்லை என்று எழுதினார். நத்தாருக்கு வருடாவருடம் ரவியும் மனைவி சுதாஜினியும் வருவார்கள். அந்த முறை வரவில்லை. செலீன் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாள். சுதாஜினிதான் கதைத்தாள். "அவர் குளிக்கிறார் அக்கா" என்றாளாம். தை மாதம் முழுக்க எமிலியானுஸ் சர்க்கிட்டை அடியிலிருந்து மாற்றி வரைந்தார். ஒலி உள்ளே நுழையும் கட்டத்தை மாற்றினார், பின்னூட்டத்தை மாற்றினார். எதை மாற்றினாலும் முள் அசையவில்லை.

பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை. முதல்நாள் பெரும் பனி கொட்டியிருந்தது. பனி அள்ளும் வாகனம் வரப்போகிறதென்று செயின்ட்-மிஷேல் தெருவில் சைரன் ஊதியிருக்கிறது. ரவி காரை எடுக்கவேண்டி, சவளோடு இறங்கி முக்கால் மணித்தியாலம் பனி வெட்டியிருக்கிறான். காரை மாற்றி நிறுத்திவிட்டு வந்து, சப்பாத்தைக் கழற்றுவதற்காகப் படியில் குந்தியவன் எழும்பவில்லை. வயது நாற்பத்து நான்கு.

செத்தவீட்டில் எமிலியானுஸ் வரிசையில் நின்று சவப்பெட்டியருகே போனார். ரவியின் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தார்கள். ஈயம் பற்றவைத்த பழைய சூட்டுத் தழும்பு ஒன்று பெருவிரலில் தெரிந்தது. சொல்லவேண்டியது நாக்கில் வந்து நின்றது. பின்னால் நின்றவர்கள் மெல்ல நகரச் சொன்னார்கள், நகர்ந்துவிட்டார்.

அதன் பிறகு அந்த அறைக்குள் போக மனமில்லை. பங்குனி நடுவில், பெட்டியைக் கழற்றி உதிரியாக்கி அலுமாரியில் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தார். வயர்களைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் வார்களை ஒவ்வொன்றாக வெட்டினார். வயர்கள் தளர்ந்து விழுந்தன. எல்லாவற்றையும் அறுத்தெறிய முன்னர் ஏனோ கடைசியாக ஒருதடவை ஆளியைப் போட்டுப் பார்த்தார்.

முள் பொத்தென்று கீழே விழுந்தது.

முதலில் மீற்றர் பழுதென்றே நினைத்தார். பிறகு மின்வழங்கியிலிருந்து வரும் சிவப்பு வயரை ஒரு விரலால் தொட்டு, ஒலி உள்ளே வரும் மெல்லிய வயருக்குக் கிட்டக் கொண்டுபோனார். முள் ஏறியது. தள்ளினார், இறங்கியது. ஒரு சாண் தள்ளியபோது, திரிபு அந்த மீற்றருக்கே அளக்கமுடியாத அளவுக்குப் போய்விட்டது.

சர்க்கிட்டில் பிழையில்லை. ட்ரான்சிஸ்டரில் பிழையில்லை. கனத்த மின்சாரம் ஓடும் வயரும் மெல்லிய ஒலி வரும் வயரும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்ததால், ஒன்றின் காந்தம் மற்றதற்குள் ஒவ்வொரு அலையிலும் புகுந்திருக்கிறது. அந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கிக் கட்டியது எமிலியானுஸ்தான். நிறுவனத்துக்குக் காட்டும்போது உள்ளே வடிவாக இருக்கவேண்டும் என்று, தன் கையாலேயே கட்டினார்.

புதியவற்றைக் கழற்றிவிட்டு ரவியின் எட்டையும் திரும்பப் பூட்டினார். அவையும் புதியவை அளவுக்குத் திறமாகவே வேலை செய்தன. செலீன் வந்து பார்த்தபோது அவர் சூடேறிய அந்த அறையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கேட்டதற்கு, "வயர்" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடிந்து, சித்திரையில் ஒரு ஞாயிறு அவர் தனியாகச் செயின்ட்-மிஷேலுக்குப் போனார். சுதாஜினி கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை" என்று உள்ளே கூப்பிட்டாள். மேசையில் பிரெஞ்சுக் கடிதங்கள் பரவிக் கிடந்தன. அவர் வந்த விசயத்தை நேராகவே சொன்னார். ஒக்டோபரில் அவன் கேட்டது, தான் பேசாமல் நின்றது, நவம்பரில் தெரிந்தது, வயர்.

"அண்டைக்கு உங்கட வீட்டால வந்து, இரும்பு அறுக்கிற வாளை எடுத்தவர்" என்றாள். "இந்த மேசையிலதான். மிச்சமிருந்ததில ஒண்டை அறுத்து, உள்ளுக்கு லென்ஸ் வைச்சுப் பாத்தார். பேந்து இன்னொண்டு. ஆறை அறுத்துப்போட்டார். அண்ணை சொன்னா அதில என்னவோ இருக்கும், என்னை ஆரும் ஏமாத்திப்போட்டாங்களோ தெரியேல்லை எண்டு சொல்லிச் சொல்லி அறுத்தவர்."

எமிலியானுஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"எல்லாம் நல்ல சாமான்தான் சுதா எண்டார். அப்ப போய்ச் சொல்லுங்கோவன் எண்டன். நான் ஏன் சொல்லோணும், அவர் கேக்கட்டும் எண்டார்."

"கோவமா இருந்தவனோ?"

சுதாஜினி மேசையில் கிடந்த கடிதங்களை ஒன்றாக அடுக்கினாள்.

"நான் பொய் சொல்லமாட்டன் அண்ணை. ஓம். கோவமாத்தான் இருந்தவர். கடைசிக் கிழமையும் நான் உங்கட பேரை எடுக்க எழும்பிப் போனவர்."

"அந்த அறுத்த துண்டுகள் இருக்கோ?"

"முப்பத்தொண்டுக்கு வீடு கழுவேக்க எறிஞ்சுபோட்டன். என்னத்துக்கு வைச்சிருந்தவர் எண்டு எனக்குத் தெரியாதே."

அவர் எழும்பினார். மன்னித்துவிட்டேன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாசலில், "வாற வருசம் ஆட்டைத் திவசத்துக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள். "ஓம்" என்றார்.

வெளியே தெருவோரத்துப் பனி கறுத்து உருகிக்கொண்டிருந்தது. செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் ஏறி மூலையில் இருந்தார். அவனுக்குக் கோபம் என்பதை அவர் எதிர்பார்த்துத்தான் போனார். ஆனால் ரவி வீட்டுக்கு வந்ததும் தன்னையே சந்தேகித்து, நல்ல சாமானை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்திருப்பான் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. அவ்வளவு கோபத்துக்குள்ளும், அண்ணை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பியிருக்கிறான்.

ழான்-தாலோனில் இறங்கி மாறவேண்டும். கதவு திறந்ததும் மூடியதும் அவருக்குத் தெரியவில்லை. செத்தவீட்டில் வராத அழுகை அங்கேதான் வந்தது. எதிரே இருந்த ஒரு பெண் குனிந்து, "சா வா, மிசியூ?" என்று பிரெஞ்சில் சுகம் கேட்டாள். அவர் தலையை ஆட்டினார். மெட்ரோ கடைசித் தரிப்பான ஸ்னோடன் வரைக்கும் அவரைக் கொண்டுபோய், அங்கே இறக்கிவிட்டது.