மெத்தென்ற மண்

கலகெதர வீதியில் சரிந்து கிடந்த மேட்டை வெட்டும் வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். பனி ஊறிய இருக்கையில் ஏறி உட்கார்ந்து கிளறன்ஸ் மண் தோண்டும் பெக்கோவை முடுக்கினான். டீசல் புகை நெஞ்சை அடைத்தது. பக்கெட் மண்ணைக் கடித்தது. கல், வேர், மறுபடி கல். ஒவ்வொரு கடிக்கும் லீவர் உள்ளங்கையில் அதிர்ந்தது. அதிர்கிறவரை அவனுக்கு நிம்மதி.

ஏழு மணிபோல் அது அதிரவில்லை.

பக்கெட் எதிலோ மெத்தென்று இறங்கியது. கிளறன்ஸ் இயந்திரத்தை நிறுத்திக் கீழே குதித்து, வெறுங்கையால் மண்ணைப் பறித்தான். வெறும் ஈரக்களி. ஆனாலும் கை நிற்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் பெருமழையில் மலை இறங்கி தோட்டக் குடும்பங்கள் இருந்த ஒரு லயமே புதைந்தபோது, இதே பெக்கோவால் ஆறு நாள் தோண்டியவன் அவன். பதினொரு பேரின் உடலை எடுத்தான். அதில் ஒரு பெண்பிள்ளையைப் பக்கெட்டின் பல்தான் முதலில் தொட்டது. அன்றிலிருந்து அவன் தோண்டும் மண்ணிலெல்லாம் அவள் படுத்திருந்தாள். சோற்றில் கை வைத்தாலும் அதே மென்மை.

ஒப்பந்தக்கார முதலாளி மோகனராஜ் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"மிசின் ஏன் நிக்குது?"

"முடியலைங்க முதலாளி. ஆஸ்பத்திரியில மனசுக்குப் பாக்குற கிளினிக் இருக்காம். ஒரு நாள் லீவு தாங்க."

"பைத்தியம்னு டொக்டர்கிட்ட துண்டு எழுதி வாங்கிட்டு வந்தா, எந்த நம்பிக்கையில மிசினக் குடுக்கிறது? கைகால் நல்லாத்தானே இருக்கு. ஏறு. இல்லாட்டி வீட்டுக்குப் போ, நாளைக்கு வேற ஆள் வருவான்."

கிளறன்ஸ் படியில் கால் வைத்தான்.

டிப்பர் லொறி ஓட்டும் மடவளை ஊர்க்காரன் தாஸிம் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.

"ஏறாத தம்பி. முதலாளி, அந்தப் பதினொரு மையித்தையும் ஏத்தின டிப்பர் நான் ஓட்டினது. இப்பவும் பின்னால ஆக்கள் ஈக்கிற மாதிரி. வளைவுக்கு வளைவு ஸ்லோ பண்றேன். வெக்கத்துல யாருக்கும் செல்லல்ல."

மண் அள்ளும் கலாராணி மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"நான்தான் அதுங்க முகத்துச் சேத்தக் கழுவுனேன். இன்னும் எம் புள்ளையக் குளிப்பாட்ட முடியல. பக்கத்து வீட்டு அக்காதான் தண்ணி ஊத்துது."

கிளறன்ஸ் இருவரையும் பார்த்தான். தினமும் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடித்தவர்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தான்.

"அப்ப மூணு பேருக்கும் பைத்தியமா?" முதலாளி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"காயம்ங்க," என்றாள் கலாராணி. "வேலையில பட்ட காயம். கையில பட்டிருந்தா மருந்து போட உடுவீங்கதானே?"

"போனா திரும்பி வராதீங்க."

"வருவோம்," என்றான் தாஸிம். "வந்து லீவும் கேப்போம், வேலையும் கேப்போம். தம்பிட இடத்துல வேற ஆள ஏத்தினா, இந்த மண்ண ஒரு டிப்பரும் ஏத்தாது."

பின்னால் நின்ற இரண்டு டிப்பர்களின் என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. முதலாளி திரும்பிப் பார்த்தார்.

கண்டி பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார்ந்தார்கள். நாளை வேலை இருக்குமா, யாருக்கும் தெரியாது. கிளினிக் வாசலில் துண்டுச் சீட்டு எழுதிய நர்ஸ் தலையைத் தூக்கினாள்.

"யாருக்கு வருத்தம்? யாருக்குத் துண்டு எழுதுறது?"

"மூணு பேருக்கும், மிஸ்," என்றாள் கலாராணி.

கிளறன்ஸ் ஒரு அடி முன்னால் வந்து தன் பேரைச் சொன்னான்.