கொடியசைத்த கண்டெய்னர்

மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளத்துக் காற்று முகத்தில் அறைகிற இடத்தில், அரசாங்கம் அறுபத்திரண்டு கோடி ரூபாயைக் கொட்டி ஒரு கட்டடம் கட்டியிருந்தது. பெயர் ஏற்றுமதி வளர்ச்சி மையம். நீலக் கண்ணாடி உண்டு, செயற்கை நீரூற்று உண்டு, மூன்று ஆள் உயரத்துக்குக் கொடிக்கம்பம் உண்டு. மின்சாரம் மட்டும் கிடையாது. டிரான்ஸ்பார்மர் வைக்கிற செலவைத் திட்டத்தில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. இலை காய வைக்கும் இயந்திரமும் தரம் பார்க்கும் கருவிகளும் வந்திறங்கிய மரப்பெட்டிக்குள்ளேயே இரண்டு வருடமாகக் கிடந்தன. திறப்பு விழா மட்டும் இரண்டு முறை நடந்துவிட்டது. முதலில் திறந்தவர் தேர்தலில் தோற்றார். ஜெயித்தவர் வந்து, திறந்து கிடந்ததையே மறுபடி திறந்தார்.

சாயர்புரத்தில் முருங்கை இலைப் பொடி அரைக்கும் முருகேஸ்வரி இந்தக் கட்டடத்தை நம்பி ஒன்றரை வருடத்தைத் தொலைத்தவள். விண்ணப்பம் கொடுத்தாள், அலைந்தாள், ஒவ்வொரு தடவையும் 'அடுத்த மாசம்' என்ற பதிலோடு திரும்பினாள். கடைசியில் வெறுத்துப்போய், தன் தகரக் கொட்டகையிலேயே காற்றாடிகளை மாட்டி, வலைத் தட்டுகளை அடுக்கி, இருபத்திரண்டு பெண்களை வைத்துத் தானே காய வைத்து அரைத்தாள். பொடியைச் சோதிக்கக் கொச்சிக்கு அனுப்பினாள். எல்லாம் சொந்தக் காலில்.

பத்து வருடமாகவே அவள் பொடி கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவள் பெயரில் அல்ல. தூத்துக்குடி மொத்த வியாபாரி ஆறுமுகநயினார் அண்ணாச்சி வாங்கித் தன் பெயரைப் போட்டு அனுப்புவார். லாபத்தில் பெரும்பங்கு அந்தப் பெயருக்குத்தான். இந்த வருடம்தான் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனி ஒன்று நேராக அவளிடமே ஒரு கண்டெய்னர் கேட்டது. முந்நூற்று இருபது மூட்டை, எட்டு டன். அந்த ஊர் வங்கி எல்.சி. என்கிற உறுதித் தாளைக் கொடுத்திருந்தது. பதினெட்டாம் தேதிக்குள் சரக்கு கப்பலேறிவிட்டால் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஒரு நாள் தப்பினாலும் அந்தத் தாள் வெறும் தாள். இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் மாதம் ஒரு கண்டெய்னர் என்று பேச்சு. இருபத்திரண்டு பேருக்கும் வருடம் முழுக்க வேலை.

கப்பல் பதினெட்டாம் தேதி விடியலில் கிளம்புகிறது. முந்தின நாள் இரவு எட்டு மணிக்குள் கண்டெய்னர் துறைமுக வாசலைத் தாண்டியாக வேண்டும். பதினாறாம் தேதி மாலையே கொட்டகையில் மூட்டைகளை ஏற்றிக் கதவைச் சாத்தி, சுங்க ஏஜென்ட் இப்ராஹீம் தன் கையாலேயே ஈ-சீலைப் பூட்டினார். கட்டைவிரல் பருமனில் ஓர் இரும்பு ஆணி, அதன் தலைக்குள் ஒரு மின்னணுச் சில்லு. அதன் எண் சுங்கத்தாளில் பதிவாகியிருக்கும். துறைமுக வாசலில் இயந்திரம் அதைப் படித்தால்தான் வழி. சொந்த இடத்திலேயே சீல் வைத்துக்கொள்ளும் அனுமதியை வாங்க காயல்பட்டினத்துக்காரரான அவர் முருகேஸ்வரிக்காக ஆறு மாதம் நடந்திருந்தார்.

"இத இனி யாரும் தொடப்படாது தங்கச்சி," என்றார் இப்ராஹீம். "ஒங்க வூட்டு சாமியே வந்து கேட்டாலும் தொறக்கப்படாது."

"சரி காக்கா," என்று, அண்ணனுக்கான அவர் ஊர்ச் சொல்லாலேயே பதில் சொல்லிச் சிரித்தாள்.

சாமி வரவில்லை. மந்திரமூர்த்தி போன் செய்தார். அவர்தான் மையத்தின் அதிகாரி. இரண்டு வருடமாக அவள் போனை எடுக்காதவர், அன்றைக்கு முதல் வார்த்தையிலேயே குழைந்தார்.

"மேடம், நாளைக்குக் காலையில அமைச்சர் வாராவ. மையத்தோட முதல் ஏற்றுமதின்னு கொடியசைக்கணும். ஒங்க கண்டெய்னர் துறைமுகம் போறதுக்கு முன்னால இங்கன ஒரு சுத்து வந்துட்டுப் போவட்டும். பத்து மணிக்கு நிறுத்துனா பத்தரைக்கு அனுப்பிருவோம்."

"சார், மையத்துக்கும் என் சரக்குக்கும் என்ன சம்பந்தம்? ஒரு இலைகூட அங்கன காயலயே."

"இனிமே காயட்டுமே மேடம். மெஷின் வேலை செய்ய ஆரம்பிச்சா முதல் பேரு ஒங்க பேருதான். நான் பொறுப்பு."

அவளுக்குக் கேட்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பகைத்துக்கொண்டால் நாளைக்கு எந்தத் தாளை எங்கே இழுத்துப் பிடிப்பார்களோ என்ற பயம். பயத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். சாயர்புரத்துக்காரி ஒருத்தியின் கண்டெய்னருக்கு அமைச்சர் கொடியசைக்கப் போகிறார். பீரோவிலிருந்து பட்டுச்சேலையை எடுத்து வைத்தாள்.

பத்தரை மணியாவது, மண்ணாங்கட்டியாவது. அமைச்சர் வரும்போது பகல் இரண்டே முக்கால். அதுவரை முருகேஸ்வரி மேடையில், 'வெற்றி பெற்ற தொழில்முனைவோர்' என்று அட்டை வைத்த நாற்காலியில், கசகசக்கும் பட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்டெய்னரின் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டியிருந்தார்கள். செவ்வந்தி மாலை, மாவிலைத் தோரணம், கல்யாண வீடு தோற்றுவிடும். அன்றைய பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவில் டிரான்ஸ்பார்மருக்கு அஸ்திவாரமாவது போட்டிருக்கலாம். பின்னால் பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அந்தச் சத்தத்துக்குக் காத்திருந்தவர்கள்தான்.

ஒலிபெருக்கியில் வளர்ச்சி, வளர்ச்சி என்று ஒருவர் மாற்றி ஒருவர் கத்தினார்கள். அந்தச் சொல்லின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அப்போதுதான் பார்த்தாள். கண்டெய்னரின் பின்பக்கம் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஒருவன் கையில் நீளக் கைப்பிடி வைத்த இரும்பை வெட்டும் கத்தரி. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

"சார், சார்! அதத் தொடாதிய! சீலு!"

மந்திரமூர்த்தி வேர்த்த முகத்தோடு திரும்பினார். "கதவ மூடிக்கிட்டுப் பூசை போட முடியுமா மேடம்? சாம்பிராணி உள்ள போகாண்டாமா? பூட்டிக் கெடக்க பெட்டிக்கு முன்னால நின்னா போட்டோவுல என்ன தெரியும்? மூட்டை தெரியணும்லா."

"அது சுங்கத்துல எழுதுன நம்பர் சார். ஒடச்சா வாசல்ல விடமாட்டாவ."

"அதும் அரசாங்கம், நாமளும் அரசாங்கம். புதுசு ஒண்ணு போட்டா முடிஞ்சுது. அமைச்சரே நிக்காவ, எவன் கேக்கப் போறான்?"

இப்ராஹீமுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அவர் சுங்க அலுவலகத்தில்தான் இருந்தார். போன் கைப்பையில், கைப்பை மேடையில். ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கேமராக்கள் திரும்பின. அமைச்சர் கும்பிட்டபடி மேடையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். முருகேஸ்வரி தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, அழுகையை அடக்க ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. மந்திரமூர்த்திக்கு அது போதுமானதாக இருந்தது. இரும்பு ஆணி டக்கென்று இரண்டு துண்டானது.

சூடம் காட்டினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். முதல் மூட்டையில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அமைச்சர் கதவைச் சாத்தி, மளிகைக் கடையில் வாங்கி வந்த பித்தளைப் பூட்டு ஒன்றைப் பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்தார். கைதட்டல். மூன்று முறை கொடியசைத்தார். முதல் இரண்டு முறையும் படம் சரியாக விழவில்லையாம்.

நாலரை மணிக்கு லாரி, முருகேஸ்வரியையும் ஏற்றிக்கொண்டு, துறைமுக வாசலில் வந்து நின்றது. இயந்திரம் படிக்க அங்கே ஒன்றும் இல்லை. காவலாளி பித்தளைப் பூட்டையும் குங்குமத்தையும் பார்த்து, டிரைவர் மாசானத்தைப் பார்த்தான். "எண்ணேய், இது என்ன, கோயில் உண்டியலா?"

இப்ராஹீம் ஓடி வந்தார். பித்தளைப் பூட்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யாரு தங்கச்சி தொறந்தது?"

"அவுகதான் காக்கா. நான் பாத்துக்கிட்டு நின்னேன்."

திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. சுங்க அதிகாரியிடம் மன்றாடப் போனார். அந்த அதிகாரி நல்ல மனிதர், அதனால் சட்டத்தைப் பொறுமையாக விளக்கினார். சீல் போன பெட்டிக்குள் வழியில் என்ன ஏறியது என்று யாருக்குத் தெரியும்? முந்நூற்று இருபது மூட்டையையும் இறக்கிப் பார்த்துத்தான் புது சீல். ஆள் வைத்து இறக்கி ஏற்ற ஒரு முழு நாள் வேண்டும். அவர் சொன்னதில் தப்புச் சொல்ல எதுவுமில்லை.

முருகேஸ்வரி மந்திரமூர்த்திக்குப் பதினேழு தடவை போன் செய்தாள். பதினெட்டாவது தடவை எடுத்தார். பின்னால் தட்டு, கரண்டிச் சத்தம். "அமைச்சர்கூட இருக்கேன் மேடம். காலையில பேசுதேன்." எட்டு மணிக்கு வாசலை அடைத்தார்கள். விடியலில் கப்பல் அவள் கண்டெய்னர் இல்லாமலே, ஹாம்பர்க் சரக்கு பெரிய கப்பலுக்கு மாறும் கொழும்புக்குப் போய்விட்டது.

எல்.சி. செத்தது. தேதியை நீட்டித் தரும்படி ஹாம்பர்க்குக்கு எழுதினாள். அதற்குள் முருங்கைப் பொடி விலை இறங்கியிருந்தது. விலை இறங்கும்போது யார் தேதியை நீட்டுவார்கள்? வேறு நாட்டில் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டதாக நாலு வரியில் மரியாதையாகப் பதில் வந்தது. கடைசி வரியில் அவள் தொழில் சிறக்க வாழ்த்தியிருந்தார்கள்.

அந்தப் பதில் வந்த அன்றே பேப்பரின் வார இணைப்பில் படமும் வந்தது. 'கடல் கடக்கும் சாயர்புரம்' என்று தலைப்பு. படத்தில் அவள் சாவியை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள்மேல் இருந்த அருவருப்பு எல்லாம் அந்த ஒரு கணத்தில் அவள்மேலேயே திரும்பியது. இந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டுக்கொண்டாள். பேப்பரைக் கசக்கி அடுப்பில் போட்டாள்.

சரக்கு சாயர்புரத்துக்குத் திரும்பியது. போகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆறுமுகநயினார் அண்ணாச்சி கொட்டகைக்கு வந்து ஒரு மூட்டையைப் பிரித்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பொடி அருமையா இருக்குளா. யாரும் கொற சொல்ல முடியாது," என்றார். "ஆனா வெல எறங்கிட்டு. பழைய வெலயிலயும் கொஞ்சம் கொறச்சுத்தான் எடுக்க முடியும். ஒன் பேரு ஒட்டியிருக்கே, அத எடுத்துரு. என் பேரு ஒட்டி வெள்ளிக்கிழம ஏத்திருதேன்."

"சரி அண்ணாச்சி."

"ஏளா, நான் ஒண்ணும் ஒன்ன ஏமாத்தல."

"தெரியும் அண்ணாச்சி. நீங்க ஏமாத்தல."

மறுநாள் காலையிலிருந்து கொட்டகையில் அரைவை இல்லை. பெண்கள் மூட்டைகளைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத்துணியால் நனைத்து நனைத்து அவள் பெயர் அச்சடித்த தாள்களைக் கிழித்தார்கள். நல்ல பசை, லேசில் வரவில்லை. முருகேஸ்வரியும் கூட உட்கார்ந்து நகத்தால் சுரண்டினாள். அந்தப் பெண்களில் ஒருத்தி சுடலைமாடத்தி, ஈரத்துணியைப் பிழிந்தபடி கேட்டாள்.

"யக்கா, அடுத்த மாசம் எத்தன பேரு வரணும்?"

"ஒம்பது பேரு."

"மத்தவியளுக்கு யாரு சொல்லப் போறது?"

"நான் சொல்லுதேன்."

அந்த நேரத்தில்தான் போன் அடித்தது. மந்திரமூர்த்தி. குரலில் பழைய குழைவு.

"மேடம், நல்ல சேதி! இந்தக் காலாண்டுல நம்ம மாவட்ட ஏற்றுமதி பதினோரு சதவீதம் கூடியிருக்கு. ஒங்க கண்டெய்னரையும் சேத்துத்தான் கணக்குப் போட்டிருக்கு."

"அது போவலியே சார்."

"கொடியசைச்ச தேதி ரிக்கார்டுல இருக்கே மேடம், அது போதும். மையத்துக்கு அடுத்த கட்டமா நாப்பது கோடி வந்திரும்."

"வெள்ளிக்கிழம இதே பொடி அண்ணாச்சி பேருல போவுது. அதையும் சேத்துக்கிடுவியளோ?"

"அது தனி மேடம், அது அவுக கணக்குல வரும். நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா, மையத்து வாசல்ல பெரிய போர்டு வைக்கோம். சாதனையாளர்னு ஒங்க பேரு போடணும். பேர எப்படி எழுதணும்னு ஒரு தாள்ல தெளிவா எழுதி அனுப்புங்க."

முருகேஸ்வரி காலடியில் குவிந்து கிடந்த ஈரத்தாள்களைப் பார்த்தாள்.

"எழுதவே வேண்டாம் சார். என் பேரு அச்சடிச்சதாவே இங்கன குப்பையில கெடக்கு. முந்நூத்தி இருபது. சாக்கு எடுத்துட்டு வந்து அள்ளிட்டுப் போங்க."

மறுமுனையில் மேடம், மேடம் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் போனை அணைத்துத் தரையில் வைத்துவிட்டு, அடுத்த மூட்டையைத் தன் பக்கம் இழுத்துப்போட்டாள்.