அரை மணி நேரப் பஞ்சு

முத்துச்செல்விக்குக் கடைவாய்ப் பல் மூன்று நாளாக விண்ணென்று தெறித்தது. நான்காம் நாள் காலை சிவப்பிரகாஷ் தன் கருப்பட்டிக் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு, அவளைப் பைக்கில் ஏற்றிப் பாளை ரோட்டில் இருந்த டாக்டர் ஷெர்லியின் பல் மருத்துவமனைக்குக் கூட்டிவந்தான். அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்.

உள்ளே நுழைந்ததும் ஒரு தாளை நிரப்பச் சொன்னார்கள். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்ற வரியில் அவள் பேனா நின்றுவிட்டது. எட்டிப் பார்த்த சிவப்பிரகாஷ், பேனாவை வாங்கி ‘உப்பு மாத்திரை’ என்று எழுதிக் கொடுத்தான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அந்த மாத்திரை லித்தியம். கல்லூரிக் கடைசி வருடத்தில் அவள் பதினோரு நாள் தூங்காமல், வாய் ஓயாமல் பேசித் தீர்த்து, பிறகு இரண்டு மாதம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தாள். மனநிலை ஏறி இறங்கும் நோய் என்று திருநெல்வேலியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்து மருந்து கொடுத்தார். நான்கு வருடமாக எந்தக் குறையும் இல்லை. வரன் வந்தபோது அம்மா முருகேஸ்வரிதான் யோசனை சொன்னாள். “லித்தியமும் ஒரு உப்புதானளா. உடம்புல உப்பு குறைச்சல், அதுக்கு மாத்திரைன்னு சொல்லு. உப்பு வெளையித ஊருக்கு வாக்கப்பட்டவ சொன்னா, யாரு கேக்கப் போறா?”

யாரும் கேட்கவில்லை. ஆனால் மாத்திரை வாயை உலர்த்தியது. மனைவி ஓயாமல் தண்ணீர் குடிப்பதைப் பார்த்த சிவப்பிரகாஷ், உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, கடையிலிருந்து நயமான பனங்கற்கண்டாக ஒரு பாட்டில் கொண்டுவந்தான். சர்க்கரை நோய்க்காரர்களே அதைக் கூசாமல் தின்கிற வீடு அது. காலை எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவள் வாயில் ஒரு கட்டி கிடந்தது. பாட்டில் காலியாகுமுன் அவன் நிரப்பிவிடுவான்.

டாக்டர் ஷெர்லி விளக்கைத் திருப்பி வாய் முழுவதும் பார்த்தார். இருபத்தாறு வயதில் ஈறோரமாக ஐந்து பல் வரிசையாகச் சொத்தை விழாது, வாயில் எச்சிலே இல்லையே, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சிவப்பிரகாஷ் முந்திக்கொண்டு பனங்கற்கண்டின் பெருமையைச் சொன்னான்.

“பல்லுக்கு அதுவும் சீனிதான், தம்பி,” என்றார் டாக்டர்.

அவன் முகம் சுண்டிவிட்டது.

ஒரு பல்லை எடுத்தே ஆகவேண்டும், மற்றவற்றை அடைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, வலிக்கு ஐந்து நாள் மாத்திரை எழுதப் போனார் டாக்டர். வலி மாத்திரை எதுவானாலும் என்னைக் கேட்காமல் போடாதே, சில மாத்திரை லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றி விஷமாக்கிவிடும் என்று திருநெல்வேலி டாக்டர் முத்துச்செல்வியிடம் ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தார். வாங்கிக்கொண்டு போய்த் தூர எறிந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முடியாது. வேளைக்கு வேளை தண்ணீரும் கையுமாக இவன் வந்து நிற்பான். இப்போது சொன்னால், கல்யாணம் என்னவாகும் என்று தெரியவில்லை.

“டாக்டர், அது உப்பு மாத்திரை இல்ல,” என்றாள். “லித்தியம்.”

டாக்டர் பேனாவை வைத்தார். என்ன அளவு, கடைசியாக ரத்தம் எப்போது பார்த்தார்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். வீட்டுக்காரர் வெளியே இருக்கட்டுமா என்றார். முத்துச்செல்வி வேண்டாம் என்றாள். பிறகு கல்லூரி நாளிலிருந்து எல்லாவற்றையும், அம்மா சொன்னது உட்பட, அவனைப் பார்க்காமலே சொல்லி முடித்தாள். டாக்டர் திருநெல்வேலிக்குப் போன் போட்டுப் பேசினார். வலிக்குப் பாரசிட்டமால் மட்டும், பல்லை இன்றே எடுக்கலாம், லித்தியத்தை ஒரு நாளும் தானாக நிறுத்தக் கூடாது, வாய் உலர்ந்தால் வெறும் தண்ணீரும் சீனி போடாத சூயிங்கமும் போதும் என்று முடிவானது.

பல் வெளியே வந்தது. அரை மணி நேரம் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்லி வெளியே உட்காரவைத்தார்கள்.

சிவப்பிரகாஷ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“எனக்குக் கோவந்தான். இல்லைன்னு சொல்ல மாட்டேன். சீக்கு வந்ததுக்கு இல்ல. எட்டு மாசம் பக்கத்துல இருந்தும், இவன்ட்ட சொன்னா விட்டுட்டுப் போயிருவான்னு நெனச்சிருக்க பாரு, அதுக்கு.” குரலைத் தாழ்த்தினான். “அத்தை சொன்னாவ, சரி. நீயா எப்ப சொல்லியிருப்ப?”

ஒப்புக்கு ஒன்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. தெரியவில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“இதாவது நெசம்,” என்றான் அவன்.

அடுத்து எப்போது திருநெல்வேலிக்குப் போகவேண்டும் என்று கேட்டான். இத்தனை மாதமும் அம்மாவோடு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்வந்த நாள் அது. அவள் பத்து விரலையும் காட்டி, பிறகு இரண்டு விரல் காட்டினாள். பன்னிரண்டாம் தேதியை அவன் போனில் குறித்துக்கொண்டான்.

“நானும் வாரேன். அந்த டாக்டர்ட்ட எனக்குக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. எங்கம்மாட்ட என்ன சொல்லன்னு நீ வாயத் தொறந்தப்புறம் ரெண்டு பேருமா பேசுவோம்.”

அவள் கண் நிறைந்து வழிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“பேசாதளா, ரத்தம் வரும்,” என்று கைக்குட்டையை நீட்டினான் அவன்.

இன்னும் பதினைந்து நிமிடம் இருந்தது. கடையிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவன் எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.