மெரிடித்துக்கு மத்தியானம் வேலையில்லை

நேரலை நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது வாரன் டோலிவரின் கைபேசிக்கு மகள் மெரிடித்திடமிருந்து செய்தி வந்தது. "அப்பா, இன்னிக்கு மத்தியானம் சும்மாதான் இருக்கேன். சாப்பிட வரீங்களா?"

சாப்பாட்டு நினைப்பே அவருக்கு வரவில்லை. மண்டைக்குள் ரத்தம் குபுகுபுவென்று ஏறியது.

மூன்று ஜனாதிபதிகளுக்கு யோசனை சொன்ன மனிதர். இப்போது தொலைக்காட்சியில் அரசியல் பேசுகிறார். மகள் வெள்ளை மாளிகையில். பாதுகாப்பு அமைச்சராக ஜனாதிபதி முன்மொழிந்திருக்கும் பிராண்டைச் செனட்டர்களின் அறை அறையாகக் கூட்டிப்போய் ஓட்டுக் கேட்க வைப்பது அவள் பொறுப்பு. அந்த வேலையில் இருப்பவர்கள் ஓட்டெடுப்பு முடிகிறவரை ஆளை விட்டு அசைய மாட்டார்கள். ரொட்டியைக்கூட லிஃப்டில் நின்றபடி தின்பார்கள். அவளுக்கு மத்தியானம் சும்மா என்றால் ஒரே அர்த்தம்தான். பிராண்டைக் கைகழுவிவிட்டார்கள்.

விளக்குகள் எரிந்தன. நிகழ்ச்சி நடத்தும் டெனிஸ் இவர் பக்கம் திரும்பினாள்.

"பிராண்ட் தேறுவாரா, வாரன்?"

"மாட்டார். சாயங்காலத்துக்குள்ள அவரே விலகிட்டதா அறிக்கை வரும், பாருங்க."

"அடேயப்பா! யார் சொன்னது?"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் எனக்கு யார் சொல்லுவா?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

அடுத்த விளம்பரத்தில் கைபேசி மறுபடி அதிர்ந்தது. "என்னப்பா பண்ணிட்டீங்க? பிராண்டுக்கே இன்னும் சொல்லலை. இங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க. கார்ல் தன் ரூமுக்கு வரச் சொல்றார்."

பழக்கதோஷம். யாரோ இருமினால்கூட ஏன் இருமினான் என்று கணக்குப் போடுகிற புத்தி. இருமினவள் மகள் என்பது உறைக்கவில்லையே. திருத்தியாக வேண்டும், இப்போதே.

விளக்கு எரிந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"டெனிஸ், ஒண்ணு சொல்லணும். பிராண்ட் விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லலை. குருட்டாம்போக்குல அடிச்சேன்."

அவள் முகம் மலர்ந்தது. "போன தேர்தல்ல ஒஹாயோல யார் ஜெயிப்பாங்கன்னு தப்பா அடிச்சீங்களே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான். மிச்சிகனையும் சேத்துக்கோங்க."

கேமராக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். காதுக்குள் தயாரிப்பாளர் கஸ் கத்தினான். "என்ன உளறல் இது? இதுக்கா உங்களுக்குச் சம்பளம் குடுக்கறோம்?" வாரன் காதுக்கருவியைப் பிடுங்கிப் போட்டார்.

நிகழ்ச்சி முடிந்ததும் நடைக்கூடத்துக்கு ஓடி, ஜனாதிபதியின் தலைமை அலுவலர் கார்ல் ஆஸ்மன்டைக் கூப்பிட்டார். கார்ல் ஒரு காலத்தில் இவருக்குக் கீழே வேலை கற்றவன்.

"பாஸ், டிவியில பிரமாதமா நடிச்சீங்க."

"நடிப்பில்லப்பா. நிஜமாவே..."

"விடுங்க. உங்ககிட்ட ஒன்பது வருஷம் குப்பை கொட்டினவன் நான். நீங்க குருட்டாம்போக்குல வாயைத் திறந்து பாத்ததே இல்லை."

இனி உண்மைதான் வழி. சாப்பிடக் கூப்பிட்டதை, அதிலிருந்து தான் ஊகித்ததை, எல்லாவற்றையும் ஒப்பித்தார். "அவ ஒரு வார்த்தை சொல்லலை, கார்ல். சத்தியமா."

"நம்பறேன். நல்ல பொண்ணு அவ."

வாரனுக்கு மூச்சு வந்தது.

"ஆனா பாஸ், அவ பசிக்குதுன்னு சொன்னாலே இங்க நடக்கறது உங்களுக்குத் தெரிஞ்சுடுது. நாளைக்குத் தலைவலின்னு சொல்லுவா. நீங்க அதை வெச்சு யுத்தம் வருதுன்னு சொல்லுவீங்க."

"நான் டிவியை விட்டுடறேன். இன்னிக்கே."

"டிவியை விட்டா புத்தி போயிடுமா? நேராவே கேக்கறேன். என் நாற்காலியில நீங்க இருந்தா அவளை வெச்சுப்பீங்களா?"

வெச்சுப்பேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஒரே ஒரு பொய். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

"மாட்டேன்," என்றார்.

"அவ்வளவுதான்."

"நீ சொல்லாதே கார்ல். நானே பக்குவமாச் சொல்லிக்கறேன் அவகிட்ட."

கார்ல் தொண்டையைச் செருமினான். "எதிர்லதான் உக்காந்திருக்கா, பாஸ். போன் ஸ்பீக்கர்ல இருக்கு."

"மெரிடித்?" என்றார் வாரன். "மெரிடித், கேளும்மா..."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்துகிற சத்தம்.